கலைச்சொல் தேவை: ஐந்து கோடுகளின் தலையில் நிற்கும் ‘கிளெஃப்’

தஞ்சாவூரிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் வயலின் கற்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்காக, மேற்கத்திய இசைக்குறிப்பை வாசிக்கக் கற்றுத்தரும் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சுரங்களை எழுதும் ஐந்து கோடுகளான ‘ஸ்டாஃப்’ என்பதற்கு ‘ஐவரி’ என்று வைத்துக்கொண்டேன். இடைவெளி, ஐவரிக்கு மேலும் கீழும் சேர்க்கும் துணைக்கோடு எல்லாம் தடையின்றி வந்துவிட்டன. ‘கிளெஃப்’தான் நகர மறுக்கிறது.

அது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து கோடுகளுக்கும் தமக்கென்று பெயர் கிடையாது. வயலினுக்கு எழுதும் குறி, ஜி என்ற பழைய எழுத்தின் உருமாற்றம். அதன் சுருள் கீழிருந்து இரண்டாம் கோட்டைச் சுற்றிக்கொள்வதால் அந்தக் கோடு ஜி என்ற சுரத்தின் இடம் ஆகிறது. அங்கிருந்து மேலும் கீழும் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அதே ஐவரியின் நடுக்கோடு வயலினுக்கு பி, வயோலாவுக்கு சி, செல்லோவுக்கு டி. கோடு மாறவில்லை, தலையில் உள்ள குறிதான் மாறுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லைக் கேட்டதுமே இந்த வேலை புரிய வேண்டும்.

வேதாரண்யத்திலிருந்து:

அம்மா, ‘திறவுகோல்’ இருக்க வேறு சொல் எதற்கு? ‘கிளெஃப்’ என்ற சொல்லே பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது, பொருள் சாவி. எங்கள் திருமறைக்காட்டில் அடைத்துக் கிடந்த கதவை அப்பர் ‘பண்ணின் நேர்மொழியாள்’ என்று பாடித்தானே திறந்தார்? ஞானசம்பந்தர் பாடி அடைத்தார். பாட்டுக்கும் கதவுக்கும் உள்ள உறவை நமக்கு வெளியிலிருந்து எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மயிலாடுதுறையிலிருந்து:

பதிகம் அருமை ஐயா. ஆனால் கிளெஃபுக்கு அடுத்தபடியாக அதே வரியில், எந்தச் சுரங்களை உயர்த்த அல்லது தாழ்த்த வேண்டும் என்று காட்டும் ‘கீ சிக்னேச்சர்’ நிற்கும். அதுவும் சாவிதான். இரண்டு சாவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளை எதைக் கொண்டு எதைத் திறக்கும்? ஐரோப்பியர் தம் சொல்லுக்குள் என்ன உவமை வைத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, குறி என்ன செய்கிறது என்று பார்ப்போம். எந்தச் சுரம் எந்த வரியில் நிற்கும் என்பதை அது நிலைநிறுத்துகிறது. ‘நிலைக்குறி’ என்று முன்மொழிகிறேன்.

தஞ்சை அம்மாவின் ‘ஐவரி’க்குத் தனியாக என் கைதட்டல். வரி என்றால் கோடு, வரி என்றால் இசைப்பாட்டு. மாதவி கையில் யாழ் இருந்த கானல்வரி எங்கள் பூம்புகார்க் கடற்கரையில் நிகழ்ந்ததுதானே.

கும்பகோணத்திலிருந்து:

தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒரு சொல். புறப்பொருள் வெண்பாமாலையில் வெண்பாவுக்கு முன்னால் ‘கொளு’ நிற்கும். துறையின் பொருளை அது முதலில் சொல்லிவிடும். அதைக் கொண்டு வெண்பாவைப் படிப்போம். திருக்கோவையாரிலும் பாட்டுக்குக் கொளு உண்டு. பாட்டின் தலையில் நின்று வாசிக்கும் வழியைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? மேலும் ‘கொளுவுதல்’ என்றால் மாட்டுதல். அந்தச் சுருள் இரண்டாம் கோட்டில் கொளுவிக்கொண்டு நிற்பதைப் படத்தில் பாருங்கள். கொள், கொளு, கொளுவி, கொளுத்து என்று விரியும் இந்த வேரும் லத்தீனின் ‘கிளாவிஸ்’ என்பதும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

மயிலாடுதுறையிலிருந்து:

புலவர் ஐயா, ஒலி ஒத்திருப்பதால் உறவாகிவிடாது. லத்தீன் சொல்லுக்கு அந்த மொழியிலேயே ‘அடைத்தல்’ என்ற பொருளுடைய வினையோடு தொடர்பு சொல்லப்படுகிறது. கொளுவை அதன் தகுதிக்காக எடுத்துக்கொள்வோம், வேருக்காக வேண்டாம். தகுதியிலும் எனக்கு ஓர் ஐயம்: கொளுவை அறிந்த பிள்ளை எங்கே இருக்கிறது?

கும்பகோணத்திலிருந்து:

அறியாத சொல்லை அறியச் செய்வதற்குத்தானே பாடநூல்? ‘கிளெஃப்’ என்பதை மட்டும் பிள்ளை கருவிலேயே கற்றுவந்ததா? அடுத்து, ‘நிலை’ ஏற்கனவே குடியிருக்கும் வீடு. மெலிவு, சமன், வலிவு என்ற மூன்று தாயிகளையும் (கீழ், நடு, மேல் ஒலி எல்லைகளையும்) நிலை என்றுதான் தமிழிசையில் சொல்கிறோம்.

திருவையாற்றிலிருந்து:

நான் வயலின் கற்றுக்கொடுப்பவள். இதுவரை எவரும் பிள்ளையின் விரலைப் பற்றிப் பேசவில்லை. என்னிடம் வருகிறவர்கள் கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் வாசித்துவிட்டு வருகிறார்கள். நாம் தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று, பாடுகிறவரின் சுருதிக்கு ஏற்பச் சேர்க்கிறோம். மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ. அது எவருக்காகவும் அசையாது. வெறுந்தந்தி ஜி, அதாவது விரல் வைக்காமல் ஒலிக்கும் ஜி தந்தி, இரண்டு துணைக்கோடுகளுக்கும் கீழே தொங்குகிறது. டி, ஐவரியின் அடிக்கோட்டுக்குக் கீழே ஒட்டி நிற்கிறது. ஏ இரண்டாம் இடைவெளி, இ நான்காம் இடைவெளி. இந்த நான்கும் கண்ணில் பதிந்துவிட்டால் மற்றச் சுரங்களுக்கு விரலை வரிசையாக வைத்துக்கொண்டு போகலாம்.

சிலர் தனிமடலில் ‘சுருதிக்குறி’ என்று எழுதினார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆதார ஸட்ஜத்தை, அதாவது பாடுகிறவரின் அடிப்படைச் சுரமான ஸ-வை, இந்தக் குறி சொல்லவே இல்லை. சி என்பதை ஸ என்று எழுதிக்கொடுப்பதும் அதே குழப்பம்தான். ஸ இடம் மாறும், சி மாறாது.

என் வாக்கு ‘கிளெஃப்’ என்பதற்கே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த கருவி இது. பிடில் என்றோம், வயலின் என்றோம். அதன்மேல் குதிரை, பிருடை என்ற நம் சொற்களும் ஏறி உட்கார்ந்தன. திருவாரூர்க்காரரான முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளில் பாடிய நோட்டுஸ்வரத்தில் ‘நோட்டு’ யாருக்காவது உறுத்துகிறதா? தேர்வு எழுதும் பிள்ளைக்கு வினாத்தாளில் கிளெஃப்தான் வரும்.

வேதாரண்யத்திலிருந்து:

வினாத்தாளுக்காகத் தமிழில் கையேடு எழுதுவதென்றால் கையேடே வேண்டாமே அம்மா! ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் தஞ்சையில் கருணாமிர்த சாகரம் என்ற இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். மேற்கத்திய இசையும் அறிந்தவர் அவர். நுட்பமான கணக்குகளையெல்லாம் தமிழில் சொல்ல முடியும் என்று அவர் நம்பியதால்தான் அவ்வளவு பெரிய நூல் பிறந்தது. ஒரு குறிக்குச் சொல் காண நாம் தயங்குவதா? இரண்டு சாவி என்ற தடையை ஏற்கிறேன்; திறவுகோலை விட்டுக்கொடுக்கிறேன். நிலைக்குறிக்கு என் ஒப்புதல்.

மயிலாடுதுறையிலிருந்து:

புலவர் ஐயா சொன்ன தாயிப் பொருளை நேற்றிரவெல்லாம் யோசித்தேன். அது தடையா துணையா என்றே தெரியவில்லை. மேலே ஒலிக்கும் வயலினுக்கு ஜி குறி, கீழே ஒலிக்கும் செல்லோவுக்கு எஃப் குறி. வலிவையும் மெலிவையும் ஓரளவு இந்தக் குறியே காட்டிவிடுகிறது. ஆகவே பழைய பொருள் புதிய பொருளோடு முரண்படவில்லை என்பது என் கட்சி.

தஞ்சாவூரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை அச்சகத்துக்குப் போகிறேன். ‘நிலைக்குறி’ என்றே வைக்கிறேன். வயலினுக்கு உரியது ‘ஜி நிலைக்குறி’. திருவையாற்று அம்மாவின் சொல் நியாயமானது. தேர்வில் பிள்ளை திகைக்கக் கூடாது. முதல் முறை வரும் இடத்தில் ‘கிளெஃப் என்றும் சொல்வர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நான்கு வெறுந்தந்திகளின் இடத்தை அவர் சொன்ன முறையிலேயே முதல் பாடமாக மாற்றிவிட்டேன்.

திருவையாற்றிலிருந்து:

மகிழ்ச்சி. கையேட்டை வாங்கிக்கொள்வேன். வகுப்பில் மட்டும் கிளெஃப் என்றே சொல்வேன்.

கும்பகோணத்திலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் அம்மா செல்லோவுக்கு இரண்டாம் கையேடு எழுதும்போது, ‘மெலிவு நிலை’ ஒரு பக்கமும் ‘நிலைக்குறி’ ஒரு பக்கமும் மோதும். அன்றைக்குக் கொளுவை மீண்டும் முன்வைப்பேன். இந்த மடலைப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள்.