நாற்று ரேக்குக்கு எத்தனை வாட் எல்.ஈ.டி. விளக்கு போடலாம்?

வணக்கம் நண்பர்களே. கும்பகோணம் பக்கம் இருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் வெளியே வைத்திருந்த மிளகாய், கத்தரிக் குழித்தட்டுகள் அழுகிப்போனதால் எல்லாவற்றையும் கொல்லை அறைக்கு மாற்றினேன். இப்போது வெளிச்சம் போதவில்லை. நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கின்றன, விரல் பட்டாலே தண்டு மடிகிறது. பார்க்க மனசு கேட்கவில்லை.

ரேக் 4 அடிக்கு 2 அடி. ஆன்லைனில் '1000 வாட்' என்று போட்டிருந்த ஊதா விளக்கு ஒன்றை வாங்கினேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் 45 வாட்தான் இழுக்கிறது. நடுத்தட்டு மட்டும் தேறியது, ஓரத்தில் இருப்பவை பழையபடி சாய்கின்றன.

சரி, நாமே கணக்குப் போடுவோம் என்று உட்கார்ந்தேன். நாற்றுக்கு ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்கு 200 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் அலகு) ஒளி என்று வைத்தால், என் முக்கால் சதுர மீட்டருக்கு 150 வேண்டும். ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும் நல்ல விளக்கு என்றால் 60 வாட். ஓரத்தில் சிதறுவதையும் சேர்த்து 80 வாட் என்று முடிவு செய்தேன். தினம் 16 மணி நேரம் எரித்தால் ஒன்றேகால் யூனிட் சொச்சம், அது கட்டுப்படியாகும்.

தட்டுக்கும் மேல்பலகைக்கும் இடையே ஒன்றரை அடிதான் இருக்கிறது. இந்த உயரத்தில் 100 வாட் பலகை விளக்கைக் குறைத்து எரிப்பதா, 20 வாட் பட்டை விளக்கு நான்கை வரிசையாகக் கட்டுவதா? பட்டைதான் சமமாக ஒளி தரும் என்று எனக்குப் படுகிறது. அப்புறம், எவ்வளவு உயரத்தில் கட்டுகிறீர்கள்? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள். தைப்பட்டத்துக்கு மறுபடி விதை போட வேண்டும்.