மறுதலைச் சுக்கான், எதிர்வெட்டு, மறுதலைப் பழக்கம்: மூன்றுக்கும் தனிச்சொல் வேண்டும்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஹாண்டிலை இடப்பக்கம் திருப்பினால் சில்லு வலப்பக்கம் போகிற சைக்கிளை ஓடிப் பழகுவதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தலைகீழ்ப் பயிற்சி, மீள்கற்றல், இசைவாக்கம். முதலாவதை உடனே விட்டுவிடலாம். தலைகீழ் என்றால் மேல் கீழாக வேண்டும். இங்கே மாறுவது இடமும் வலமும். மற்ற இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் இரண்டுக்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. அந்த வேலையிலிருந்து அவற்றைப் பிடுங்கி இங்கே வைத்தால், பிறகு அங்கே சொல் இல்லாமல் போய்விடும். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எங்கள் மாணவர்கள் சிலர் ஒரு கண்காட்சிக்காக இந்தச் சைக்கிளைச் செய்தார்கள். பழைய லுமாலா சைக்கிள் ஒன்றின் ஹாண்டில் தண்டை வெட்டி, ஹாண்டிலை ஒரு பற்சக்கரத்திலும் முன்சில்லைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை இன்னொரு பற்சக்கரத்திலும் வெல்டிங் பண்ணினார்கள். ஒரே அளவான இரண்டு பற்சக்கரங்கள் பல்லோடு பல் கடித்து நின்றால், ஒன்று சுழலும் திசைக்கு மற்றது எதிர்த்திசையில் சுழலும். பொறிமுறை அவ்வளவுதான். பிரேக், பெடல், செயின் எல்லாம் பழையபடியே.

யாழ்ப்பாணம் முற்றவெளித் திடலில் அதை ஓடிப் பார்த்தவர்களைப் பக்கத்தில் நின்று கவனித்தேன். வலக்கால் பெடலில், இடக்கால் நிலத்தில். பெடலை அழுத்தி இடக்காலைத் தூக்கியதும் சைக்கிள் இடப்பக்கம் கொஞ்சம் சாயும். எந்தச் சைக்கிளும் ஏதாவது ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். ஓடத் தெரிந்த கை சாய்ந்த பக்கமே ஹாண்டிலைத் திருப்பும், முன்சில்லு சாய்கிற உடம்புக்குக் கீழே வந்துவிடும், சைக்கிள் நிமிரும். ஓடுபவர் இதை யோசித்துச் செய்வதில்லை. இந்தச் சைக்கிளிலும் கை அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் சில்லு வலப்பக்கம் போகிறது. தாங்க வேண்டிய சில்லு உடம்பை விட்டு விலக, சாய்வு கூடுகிறது. சாய்வு கூடியதும் கை இன்னும் வேகமாக இடப்பக்கம் திருப்புகிறது. சில்லு இன்னும் விலகுகிறது. முன்சில்லு ஒரு சுற்றுச் சுற்றி முடிவதற்குள் இடக்கால் திரும்ப நிலத்தில்.

சொல்லைத் தேடும்போது நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்: இங்கே திருத்துகிற கையே பிழையைப் பெருக்குகிறது. ஓட்டத்தில் கெட்டிக்காரர் என்றால் கை இன்னும் விரைவாகத் திருத்தும், அவர் இன்னும் விரைவாக விழுவார். போர்க்காலத் தடையால் பெற்றோல் வராத 90களில் விறகும் மண்ணெண்ணெயும் நோயாளியும் சைக்கிளில்தான் போய்வந்த ஊர் இது. அந்தக் காலம் முழுக்க டபுள் ஏற்றிக்கொண்டு ஓடிய மனிதர்கள் இதில் ஏறி இரண்டு முழம் போகவில்லை.

இதை 2015இல் உலகம் முழுக்கப் பேசவைத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் டெஸ்ரின் சாண்ட்லின். அவருக்கு வெல்டிங் தெரிந்த ஒருவர் இப்படியொரு சைக்கிளைச் செய்து கொடுத்தார். நாள்தோறும் சில நிமிடங்களாகப் பழகி, அதை ஓட அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. அவருடைய சிறு மகனுக்கு இரண்டு கிழமை போதுமாயிருந்தது. பிறகு ஆம்ஸ்ரடாமில் சாதாரண சைக்கிள் ஒன்றில் ஏறியபோது அவரால் அதை ஓட முடியவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடம் தடுமாறினார், அப்புறம் திடீரென்று பழைய ஓட்டம் வந்துவிட்டது.

அந்தத் 'திடீரென்று' என்பதை வைத்துத்தான் 'மீள்கற்றல்' பொருந்தாது என்கிறேன். மதுரையிலிருந்து எழுதிய அக்கா இந்தச் சொல்லுக்காக வலுவாக வாதாடியிருக்கிறார். அவருடைய நியாயம் விளங்குகிறது. ஆனால் மீள்கற்றல் என்பது ஒருமுறை கற்று மங்கிப்போனதைத் திரும்பக் கற்பது. 1885இலேயே ஜேர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் இதை அளந்து காட்டினார்: மறந்துவிட்டதாக நினைத்த ஒன்றை இரண்டாம் தரம் கற்கும்போது நேரம் மிச்சமாகிறது. பல வருடம் சைக்கிள் தொடாத ஒருவர் ஏறி, கொஞ்சம் ஆட்டம் கண்டு, பிறகு நேராக ஓடுவது மீள்கற்றல். சாண்ட்லினுக்கு ஆம்ஸ்ரடாமில் நடந்ததைக்கூட அப்படிச் சொல்லலாம். அதற்கு முன்னான எட்டு மாதமும் அதற்கு நேரெதிர். அங்கே மறந்தது எதுவுமில்லை. மறக்காமல் இருந்ததுதான் முழுத் தொல்லையும்.

'இசைவாக்கம்' பற்றி. இலங்கைப் பாடநூல்களில் உயிரியல் படித்த எங்களுக்கு இந்தச் சொல் நாவிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் தகவமைப்பு என்கிறார்கள். உடலசைவை ஆராய்கிற இயக்க அறிவியலில் இதற்கு ஒரு தெளிவான இடம் உண்டு. பார்வையை ஒரு பக்கமாகச் சற்றுத் தள்ளிக் காட்டுகிற அரியக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு புள்ளியைத் தொடச் சொன்னால், விரல் முதலில் விலகித் தொடும். சில தடவைகளில் கை சரிப்படுத்திக்கொள்ளும். கண்ணாடியைக் கழற்றினால் விரல் இப்போது மறுபக்கம் விலகும். இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜேர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியிருக்கிறார். இங்கே பிழை தெரிகிறது, பிழைக்கு எதிர்ப்பக்கமாகக் கை கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, பிழை குறைகிறது. பழைய பழக்கத்தையே சற்று முறுக்கிச் சரிசெய்தால் போதும். கழற்றியபின் வருகிற எதிர்விலகலே அதற்குச் சாட்சி.

இடம் வலம் மாறிய கட்டுப்பாட்டில் அந்தச் சரிசெய்தல் உதவாது. மேலே சொன்னபடி அதுவே பிழையைக் கூட்டும். 2021இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திரையில் அசையும் புள்ளியைக் கையால் பின்தொடர வேண்டும். ஒரு குழுவுக்குக் கையசைவு ஒரு கோணத்தால் சுழற்றிக் காட்டப்பட்டது. மற்றக் குழுவுக்குக் கண்ணாடியில் தெரிவது போலப் புரட்டிக் காட்டப்பட்டது. சுழற்றல் குழுவில் பின்விளைவு, அதாவது பழையபடி மாற்றியபின் வருகிற எதிர்விலகல், வலுவாக இருந்தது. புரட்டல் குழுவிலும் பழகினார்கள், ஆனால் பின்விளைவு மிகக் குறைவு. பழையதை முறுக்காமல், பக்கத்தில் வேறொன்றைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள் என்பதே அவர்கள் கண்ட முடிவு. இரண்டையும் இசைவாக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டால் அந்த ஆய்வைத் தமிழில் எழுதவே முடியாது. தனிச்சொல் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் என்ன சொல்?

நான் முன்வைப்பது 'மறுதலை'. நடுப்புள்ளித் தேற்றமும் அதன் மறுதலையும் என்று கேத்திரகணிதத்தில் படித்த எல்லோருக்கும் தெரிந்த சொல். ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் வருவது. அதிலிருந்து இரண்டு சொல் எடுக்கலாம். கை ஒரு பக்கம் போக வண்டி மறுபக்கம் போகிற அமைப்பு 'மறுதலைச் சுக்கான்'. அதை ஓடக் கைக்கு வருகிற புதிய பழக்கம் 'மறுதலைப் பழக்கம்'. வினையும் தடையில்லாமல் வருகிறது: மறுதலை பழகினான், மறுதலை பழக்கினார். வினை வராத கலைச்சொல் பாடநூலை விட்டு வெளியே வராது. 'மறுதலைக் கற்றல் செயன்முறை' என்று யாராவது நீட்டுவதற்கு முன்பே இதை நான் வலியுறுத்துகிறேன்.

இந்தச் சொல்லை முன்பு சொல்லிப் பார்த்தபோது ரொறன்ரோ அண்ணா கேட்டது:

> மறுதலித்தல் என்றால் மறுப்பது என்றல்லவா பொருள்? வாசிப்பவர் குழம்ப மாட்டாரா?

அண்ணா, வினையாக மறுதலித்தல் என்றால் மறுப்பதுதான். ஆனால் பெயராக நிற்கும்போது மறுதலைக்கு எதிர், மாற்று என்ற பொருளும் பழையது. மறுதலை, பழக்கம் என்ற இரண்டும் சேர்ந்து நிற்கிற இடத்தில் மறுப்பது என்று எடுக்க யாருக்கும் வழியில்லை.

சுக்கான் என்ற சொல்லைத் தேர்ந்ததற்கும் காரணம் சொல்ல வேண்டும். சைக்கிளுக்குச் சுக்கானா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்து மீனவர்களின் குருநகர்க் கரைக்குப் போய்ப் பாருங்கள். பின்னால் பூட்டிய எஞ்சினின் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் அணியம் (முன்பக்கம்) வலப்பக்கம் திரும்பும். பாய்ப்படகின் சுக்கான் கட்டையும் அப்படியே. மறுதலைச் சுக்கான் என்பது கண்காட்சிக்காகச் செய்த விநோதப் பொருள் மட்டுமல்ல. எங்கள் கடலில் அது அன்றாடம். காலையில் கைபிடியை ஒரு விதமாகப் பிடித்து மீன்பிடித் தொழிலுக்குப் போய், கரைக்கு வந்ததும் அதே கையால் ஹாண்டிலை வேறு விதமாகப் பிடித்து வீட்டுக்குப் போகிறவர்கள் இங்கே எத்தனையோ பேர்.

இதை யோசித்து, தொழிலுக்குப் போகிற ஒருவரை முற்றவெளிக்கு அழைத்துவந்து அந்தச் சைக்கிளில் ஏறச் சொன்னோம். மற்றவர்களைவிட அவர் எளிதாக ஓடுவார் என்றுதான் மாணவர்கள் எதிர்பார்த்தார்கள். அவரும் விழுந்தார். எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு, "கடலிலை இது சரி தம்பி, றோட்டிலை கை கேக்காது" என்றார். ஒருவரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் அவர் சொன்னது பொருளுக்கு மிகக் கிட்ட இருக்கிறது: மறுதலைப் பழக்கம் அது பழகிய இடத்தோடு ஒட்டியது. படகில் பழகியது படகுக்கு. அங்கே சாய்ந்து விழுகிற பயம் இல்லை, திருத்த நேரமும் இருக்கிறது. சைக்கிளில் இரண்டும் இல்லை. சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதும்போது 'சூழலோடு பிணைந்தது' என்ற அம்சத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது சொல் 'எதிர்வெட்டு'. இதைப் பிரித்து வைக்காவிட்டால் குழப்பம் வரும். சாதாரண சைக்கிளிலேயே, ஓரளவு வேகத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஓடுபவர் முதலில் ஹாண்டிலை ஒரு கணம் வலப்பக்கம் வெட்டுகிறார். சில்லு வலப்பக்கம் விலக, உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகுதான் ஹாண்டில் இடப்பக்கம் வருகிறது. நம்மில் அநேகருக்கு இதைச் செய்கிறோம் என்பதே தெரியாது. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் இதைக் கவனித்திருந்தார். எப்படித் திரும்புகிறீர்கள் என்று ஓடுபவர்களைக் கேட்டபோது தாங்கள் உண்மையில் செய்வதை அவர்கள் சொல்லவில்லை என்பதையும் கண்டார். மோட்டார் சைக்கிளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சென்னை நண்பர் மறுதலைச் சுக்கானுக்கு 'எதிர்த்திருப்பல்' என்று முன்வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மோட்டார் சைக்கிள் ஓடுபவருக்கு இந்த ஒரு கண வெட்டுத்தான் நினைவுக்கு வரும். ஆகவே 'எதிர்' என்ற முன்னொட்டை ஓடுபவர் செய்கிற செயலுக்கும், 'மறுதலை'யை வண்டியின் அமைப்புக்கும் வைத்துக்கொள்வோம். மறுதலைச் சுக்கானில் எதிர்வெட்டும் மறுதலையாகத்தான் வரும் என்று அப்போது ஒரே வரியில் எழுதலாம்.

'ரிவர்ஸ் சைக்கிள்' என்றே விட்டுவிடலாமே என்று கேட்டவருக்கு: பொருளுக்குப் பிறமொழிப் பெயர் இருப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சைக்கிள், பெடல், ஹாண்டில் எல்லாம் அப்படியே இருக்கட்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்த அமெரிக்கரான கிறீன் வைத்தியர், உடலியலுக்கும் நோய்களுக்கும் எத்தனையோ தமிழ்ச்சொற்களைத் தேடி ஆண்டவர். அவரே வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' என்று எழுதினார். ஆனால் நாம் இப்போது பேசுவது ஒரு சாமானின் பெயரை அல்ல, கைக்குள் நடக்கிற ஒன்றை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதைப் படிப்பிக்கிற ஆசிரியருக்கு, வேறு சொற்களோடு ஒட்டவும் வினையாக மாறவும் கூடிய சொல் வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு. இந்தச் சொல்லுக்காக நாம் எழுதுகிற உள்ளீட்டில், உடலசைவைச் சீர்ப்படுத்தும் மூளைப்பகுதி 'சிறுமூளை' என்று வந்திருக்கிறது. இலங்கைப் பாடநூலில் அது 'மூளி'. இரண்டையும் சாய்கோடிட்டுப் போடுங்கள். ஒன்றை நீக்கினால் ஒரு கரைப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் விளங்காது.

சைக்கிள் செய்ய வசதி இல்லாதவர்கள் கைகளைக் குறுக்கே போட்டு, இடப்பிடியை வலக்கையாலும் வலப்பிடியை இடக்கையாலும் பிடித்து உருட்டிப் பார்க்கலாம். கைக்கு அதுவும் மறுதலைதான், ஆனால் ஹாண்டில் திரும்பும் திசை கண்ணுக்குச் சரியாகத் தெரியும். எனவே அதை மறுதலைச் சுக்கான் என்பதா, 'மறுதலைப் பிடி' என்று தனியே சொல்வதா என்பது தீர்க்க வேண்டிய கேள்வி. பிடி என்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். முயல்கிறவர்கள் வெறும் மைதானத்தில், ஆசனத்தைப் பதித்துக் கால் நிலத்தில் எட்டுமாறு வைத்துச் செய்யுங்கள். வீதியில் வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் ஓடப் பழக்குகிறவர்கள் எதிர்வெட்டுக்கு ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருந்தால், என் சொல்லை எடுத்துவிட்டு அதைப் போடுவதே சரி. தெரிந்தவர்கள் கேட்டு எழுதுங்கள். மறுதலைப் பழக்கத்துக்கு மாற்றுச் சொல் தருகிறவர்கள் அதை வினையாக வைத்து ஒரு வாக்கியமும் சேர்த்து அனுப்பினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

அன்புடன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்