வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகள்: டெக்சாஸ் செய்வது சரியா?

நெய்தல் (ஆகஸ்ட் 27, 2025)

டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் ஒவ்வொரு அரசுப் பள்ளி வகுப்பறையிலும் பைபிளில் வரும் பத்துக் கட்டளைகளை மாட்டவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. செனட் மசோதா 10. சுவரொட்டி குறைந்தது 16க்கு 20 அங்குலம் இருக்கவேண்டும். வகுப்பில் எங்கே உட்கார்ந்தாலும் படிக்கும்படி எழுத்து தெரியவேண்டும். வாசகத்தையும் சட்டமே எழுதிக் கொடுத்துவிட்டது. யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் பள்ளி வாங்கி மாட்டியே ஆகவேண்டும்.

லூசியானாவில் இதே மாதிரிச் சட்டம் 2024இல் வந்தது. அது செல்லாது என்று ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இந்த ஜூன் 20 அன்று சொன்னது. டெக்சாஸும் அதே வட்டாரம்தான். மறுநாளே ஆளுநர் கிரெக் அபட் இங்கே கையெழுத்துப் போட்டார். போன வாரம் சான் அன்டோனியோவில் நீதிபதி ஃபிரெட் பியரி இடைக்காலத் தடை கொடுத்தார், ஆனால் 11 பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும். வழக்குப் போட்ட குடும்பங்களில் யூதர், கிறிஸ்தவர், இந்து, மதமே இல்லாதவர் எல்லோரும் உண்டு. எங்கள் மாவட்டம் அந்தப் பதினொன்றில் இல்லை.

நேற்று பள்ளிக்குப் போனபோது அலுவலக மேசைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சுருட்டிய சுவரொட்டிகள் இருந்தன. ஒன்றை மட்டும் விரித்து, ஓரங்களில் புத்தகம் வைத்து அழுத்தியிருந்தார்கள். என்னைத் தவிர வேறு கடவுள் உனக்கு இருக்கக்கூடாது, செதுக்கிய உருவம் எதையும் உனக்கென்று செய்துகொள்ளாதே. மேலே இருந்த வரிகளே இவைதான். எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு வெண்கலப் பிள்ளையார் இருக்கிறார். என் அம்மா திருவாரூரிலிருந்து கொண்டுவந்தது. தினமும் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அவர் தலையில் பூ வைப்பவள் என் மகள்.

கட்டளைகள் யாருடைய வேதத்தில் இருக்கின்றனவோ அவர்களுக்கு அவை புனிதம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் நீ கும்பிடுவது தப்பு என்று சொல்ல அரசாங்கத்துக்கு யார் உரிமை கொடுத்தது?

ஆஸ்டின் குமார்

நானும் இந்துதான், எனக்கு இதில் பதற்றம் இல்லை. திருடாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, தாய் தகப்பனை மதி. நம் வீட்டில் சொல்லாததா? பிள்ளைகள் கையில் இருக்கும் போன் நாள் முழுக்க என்னென்னவோ சொல்லிக்கொடுக்கிறது. அதற்குப் பக்கத்தில் சுவரில் நாலு நல்ல வார்த்தை இருந்துவிட்டுப் போகட்டும். நாம் வந்து குடியேறிய நாடு, இங்கே பெரும்பான்மை அவர்கள். ஒவ்வொன்றுக்கும் வழக்கு என்று நின்றால் நம்மைத்தான் அந்நியமாகப் பார்ப்பார்கள்.

பாளை ஜெபா

அக்கா, நானும் உங்கள் பக்கத்து ஊர்க்காரன்தான், இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். சட்டத்தை ஆதரிக்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் வேதாகமம் வகுப்பறைக்குப் புதிதாக வரவில்லை. ஆரம்ப காலத்திலிருந்தே அது அங்கேதான் இருந்தது. 1962இல் பள்ளி ஜெபத்தையும் 1963இல் வேத வாசிப்பையும் உச்ச நீதிமன்றம்தான் வெளியே எடுத்தது. 2022இல் அதே உச்ச நீதிமன்றம், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் முழங்காலிட்டு ஜெபித்த கால்பந்துப் பயிற்சியாளர் கென்னடியின் வழக்கில், இனி இதுபோன்ற கேள்விகளை நாட்டின் வரலாற்றையும் மரபையும் வைத்தே பார்க்கவேண்டும் என்று சொன்னது. அந்த மரபின்படி பார்த்தால் இந்தச் சுவரொட்டியில் என்ன தவறு? கட்டளைகளைக் கடவுளிடம் வாங்கிவந்த மோசே, உச்ச நீதிமன்றச் சுவரிலேயே பலகையோடு நிற்கிறார்.

யாரும் படிக்கச் சொல்லவில்லை. ஒப்பிக்கவும் சொல்லவில்லை.

கரிசல்காட்டான்

ஜெபா, அந்த உச்ச நீதிமன்றச் சிற்பத்தில் மோசே தனியாக நிற்கவில்லை. ஹமுராபி, கன்பூசியஸ், முகம்மது நபி, நெப்போலியன் என்று சட்டம் தந்தவர்களின் வரிசையில் ஒருவராக நிற்கிறார். அப்படி ஒரு வரிசையை வகுப்பில் மாட்டினால் நான் எதிர்க்கமாட்டேன்.

இதே சுவரொட்டிக்கு 1980இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அங்கேயும் 16க்கு 20 அங்குலம்தான், நன்கொடைப் பணம்தான். மாநிலம் மட்டும் கென்டக்கி. 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பை இன்றுவரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்யவில்லை.

மரபு என்கிறீர்களே, டெக்சாஸ் சட்டத்தில் இருக்கும் வாசகம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதை அப்படியே எந்த வேதாகமத்திலும் பார்க்கமுடியாது. மினசோட்டாவில் ருகெமர் என்று ஒரு சிறார் நீதிபதி இருந்தார். தன் முன் வரும் பையன்களுக்குப் பத்துக் கட்டளைகளே தெரியவில்லை என்று வருந்தி, ஈகிள்ஸ் என்ற சகோதர சங்கத்தின் மூலம் அச்சடித்து, படம் மாதிரி ஃபிரேம் போட்டு, ஊர் ஊராக மாட்டச் செய்தார். யூதர், புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர் எல்லோரும் உட்கார்ந்து யாருக்கும் உறுத்தாத மாதிரி ஒரு வாசகம் தயாரித்தார்கள். நல்ல எண்ணம்தான். அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் சமயத்தில் ஹாலிவுட்டில் செசில் பி. டிமில் ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ எடுத்துக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டதும் நீதிபதியைத் தொடர்பு கொண்டு, வெண்கலத்தில் செய்து நாடெங்கும் வைக்கலாமே என்றார். மோசே வாங்கிவந்தது கல்லில் எழுதியது, அதனால் கிரானைட்டில் செய்யலாம் என்றார் நீதிபதி. படம் 1956இல் வந்தது. மோசேயாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டன் வடக்கு டகோட்டாவில் ஒரு கல்லின் திறப்புவிழாவுக்குப் போனார். பார்வோனாக நடித்த யூல் பிரின்னர் மில்வாக்கிக்குப் போனார். 1961இல் ஆஸ்டின் சட்டமன்ற வளாகத்தில் நட்ட கல்லும் இந்த ஈகிள்ஸ் கல்தான். அந்தக் கல்லில் உள்ள வாசகத்தைத்தான் இப்போது மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒட்டப்போகிறார்கள்.

அது பனிப்போர்க் காலம். சோவியத் யூனியன் நாத்திக நாடு, நாங்கள் தேவ பக்தியுள்ள நாடு என்று காட்டவேண்டியிருந்தது. 1954இல் கொடி உறுதிமொழியில் கடவுளைச் சேர்த்தார்கள். 1956இல் ‘கடவுளை நம்புகிறோம்’ என்பதை நாட்டின் குறிக்கோள் வாசகமாக்கினார்கள். இதெல்லாம் என் அப்பா பிறந்த பிறகு நடந்தது. அரசியலமைப்பு எழுதியவர்களின் மரபு என்று இதைச் சொல்லாதீர்கள்.

பாளை ஜெபா

அண்ணா, இந்தக் கல்லின் கதை எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது.

ஆனால் ஒரு படத்தோடு சேர்ந்து பரவியதால் வார்த்தை பொய்யாகிவிடாது. ஏழு வயதில் எங்கள் சபை வளாகத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். கடல் பிளந்தபோது பாட்டி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கட்டளைகள் மேல் பயபக்தி வந்தது அன்றைக்குத்தான். அப்புறம், நீங்கள் சொன்ன ஆஸ்டின் கல்லை 2005இல் உச்ச நீதிமன்றம் இருக்கலாம் என்றுதானே சொன்னது?

கரிசல்காட்டான்

சொன்னது. 5க்கு 4. அன்றைக்கே கென்டக்கி நீதிமன்றங்களில் மாட்டிய கட்டளைகளை எடுக்கச் சொன்னதும் அதே 5க்கு 4தான். இரண்டு பக்கமும் மாறி நின்றவர் நீதிபதி பிரேயர். ஆஸ்டின் கல் நாற்பது வருடம் ஒரு சச்சரவும் இல்லாமல் பெரிய புல்வெளியில் மற்ற நினைவுச்சின்னங்களுக்கு நடுவே நின்றது; பள்ளிக்கூடம் வேறு விஷயம், அங்கே இருப்பவர்கள் குழந்தைகள் என்று பிரேயரே பிரித்து எழுதினார். புல்வெளியில் பிடிக்காவிட்டால் சுற்றிப் போகலாம். வகுப்பில் 180 நாள் அதே சுவருக்கு எதிரே உட்காரவேண்டும்.

முத்துக்குளி

நான் கத்தோலிக்கப் பெண், சொந்த ஊர் வேம்பாறு பக்கம். இப்போது பாஸ்டன்.

ஜெபா தம்பி, உங்கள் சபையில் படித்த பட்டியலும் நான் ஞானோபதேச வகுப்பில் படித்த பட்டியலும் ஒன்றல்ல. உங்களுக்கு இரண்டாவது கட்டளை விக்கிரகம் செய்யாதே என்பது. எங்களுக்கு அது முதல் கட்டளைக்குள் அடங்கிவிடும். கடைசியில் பிறர் மனைவியையும் பிறர் பொருளையும் தனித்தனியாகப் பிரித்துப் பத்தாக்குவோம். யூதர்களுக்கு முதல் வார்த்தையே ‘நானே உன் கடவுள்’ என்பதுதான். இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காக இந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

1859 மார்ச். பாஸ்டனில் எலியட் பள்ளி, அரசுப் பள்ளி. ஐரிஷ் கத்தோலிக்கப் பிள்ளைகள் நிறையப் பேர். கட்டளைகளைப் புராட்டஸ்டன்ட் வாசகத்தில்தான் ஒப்பிக்கவேண்டும் என்பது விதி. தாமஸ் வால் என்று ஒரு பையன், பத்துப் பதினொரு வயது இருக்கும், மாட்டேன் என்றான். எங்கள் வாசகத்தில் சொல்கிறேன், இதில் சொல்லமாட்டேன் என்றான். ஆசிரியர் பிரம்பை எடுத்து அவன் உள்ளங்கையில் அரைமணி நேரம் அடித்தார். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. நூற்றுக்கணக்கான பையன்கள் அவனுக்காகப் பள்ளியை விட்டு வெளியே வந்தார்கள். ஆசிரியர் மேல் வழக்குப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. இந்த நாட்டில் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பள்ளிகள் கட்டியதற்கு இந்தக் காயமும் ஒரு காரணம்.

அதற்குப் பதினைந்து வருடம் முன்னால், 1844இல், பிலடெல்பியாவில் பள்ளியில் எந்த வேதாகமம் என்ற தகராறு கலவரமாகி மாதாகோயில்களைக் கொளுத்தினார்கள். வேதாகமம் ஆரம்பத்திலிருந்தே வகுப்பறையில் இருந்தது என்கிறீர்கள். இருந்தது, தம்பி. எங்கள் கையில் விழுந்த பிரம்படியும் கூடவே இருந்தது.

என் வீட்டில் மாதா சுரூபம் இருக்கிறது. நெய்தல் வீட்டில் பிள்ளையார். அந்தச் சுவரொட்டி எங்கள் இருவரையும் ஒரே வரியில் நிறுத்துகிறது.

ஆஸ்டின் குமார்

அது 1859, அக்கா. இன்றைக்கு யாரும் யாரையும் அடிக்கமாட்டார்கள்.

முத்துக்குளி

அடிக்கமாட்டார்கள், சரி. ஆனால் எது சரியான வாசகம் என்று அன்றும் அரசாங்கம்தான் முடிவு செய்தது, இன்றும் அதுதான் முடிவு செய்கிறது.

பாளை ஜெபா

தாமஸ் வால் கதையைப் படித்து நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் ஒரு விசுவாசி. அடித்தவரும் தன்னை விசுவாசி என்றுதான் நினைத்திருப்பார்.

என் பக்கத்தையும் ஒன்று சொல்கிறேன். நான் படித்தது நம் ஊர் அரசுப் பள்ளி. ஆயுத பூஜைக்கு முன்தினம் வகுப்பில் கரும்பலகைக்குக் கீழே சரஸ்வதி படம் வைத்து, எங்கள் நோட்டுகளை அடுக்கி, சூடம் காட்டுவார்கள். வகுப்பில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவப் பையன். பொரி கடலை வாங்கிக்கொள்வேன், திருநீறு வேண்டாம் என்பேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் என் விசுவாசம் கெட்டுவிடவில்லை. அப்படியிருக்க நெய்தல் அக்கா மகளுக்கு மட்டும் ஒரு சுவரொட்டியால் என்ன ஆகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கரிசல்காட்டான்

அதைச் சரி என்று நான் சொன்னதே இல்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களை எடுக்கச் சொல்லி 1968இல் சுற்றறிக்கை போனது உங்கள் மாதிரிப் பிள்ளைகளுக்காகவும்தான். அது ஒழுங்காக நடக்கவில்லை என்பது நம் தோல்வி. இங்கேயும் அந்தத் தோல்வியைக் கொண்டுவரவேண்டுமா?

இன்னொன்று. இந்தச் சட்டத்தை டெக்சாஸ் சட்டமன்றத்தில் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டலரிகோ. பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர், இறையியல் கல்லூரியில் படிப்பவர். இது அரசியலமைப்புக்கு மட்டுமல்ல, கிறிஸ்துவின் போதனைக்கே விரோதம் என்பது அவர் வாதம். ஜூலையில் ஜோ ரோகனின் பாட்காஸ்ட் நிகழ்ச்சிக்கே போய் விசுவாசத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் பேசினார். முற்போக்கு என்றால் மதத்துக்கு எதிரி என்று எண்ணும் கூட்டத்துக்கு முன்னால் போய்ப் பேசினார். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. 1802இல் மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று அன்றைய அமெரிக்க அதிபர் ஜெபர்சன் கடிதம் எழுதியது யாருக்கு? டான்பரி ஊர் பாப்டிஸ்டுகளுக்கு. அரசாங்கம் வேறு சபையின் கையில் இருந்தால் தங்கள் கதி என்ன என்று அன்று பயந்தவர்கள் விசுவாசிகள்தான்.

நெய்தல்

ஜெபா, நீங்கள் அதை எழுதியதற்கு நன்றி. நீங்கள் தைரியமான பையன். ஆனால் திருநீறு வேண்டாம் என்று நீங்கள் ஒவ்வொரு வருடமும் சொல்லவேண்டியிருந்தது. மற்ற நாற்பது பேரில் ஒருவனும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் படம் எந்த இடத்தில் இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. என் மகளுக்கும் அப்படி ஞாபகம் இருக்கவேண்டாம் என்பதுதான் என் கவலை.

பாளை ஜெபா

அது உண்மைதான். அதை நான் யோசித்ததில்லை.

ஆனாலும் என் நிலை மாறவில்லை, அக்கா. தேவனுடைய வார்த்தை எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று நம்புகிறவன் நான். வாசகத்தை அரசு தேர்ந்தெடுப்பது மட்டும் இப்போது எனக்கு உறுத்துகிறது.

நெய்தல் (செப்டம்பர் 6)

செவ்வாய்க்கிழமை மாட்டிவிட்டார்கள். கடிகாரத்துக்குக் கீழே. ஆசிரியை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம்.

நேற்று இரவு மகள் கேட்டாள், ‘கிரேவன்’ என்றால் என்ன என்று. செதுக்கியது என்றேன். போய்ப் பிள்ளையாரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். இது செதுக்கியதா, வார்த்ததா என்று கேட்டாள். வார்த்தது என்றேன். “அப்போ பரவாயில்லையா?” என்றாள். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

இந்த மாதப் பள்ளிக் குழுக் கூட்டம் வியாழக்கிழமை மாலை. பேசுகிறவருக்கு மூன்று நிமிடம். பெயர் கொடுத்துவிட்டேன். இந்தக் கேள்வியைச் சொல்வேன், பிறகு தாமஸ் வாலைப் பற்றிச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் வரமுடிந்தால் வாருங்கள்.

பாளை ஜெபா

நானும் பெயர் கொடுத்துவிட்டேன், அக்கா. கட்டளைகளை ஆதரித்துத்தான் பேசுவேன். அந்த இரண்டாவது வரியைப் பிள்ளைகள் தினமும் பார்க்கவேண்டுமா என்றும் கேட்பேன். பட்டியலில் உங்களுக்கு அடுத்தது என் பெயர்.