பேஸ்மென்ட் ஆள் வாடகை தரவில்லையா? தேர்மோஸ்டாட்டில் கை வைக்காதீர்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் வீடு வாங்கும் நம் சனத்தில் பலர் பேஸ்மென்ட் வாடகையை நம்பித்தான் மோட்கேஜ் (வீட்டுக் கடன்) பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான். கீழே குடிவந்தவர் மனைவியின் ஊர்க்காரர், தூரத்து உறவும்கூட. "தெரிஞ்ச பிள்ளைதானே, என்னத்துக்கு அக்ரிமென்ட்?" என்று மாமி சொன்னார். மாதம் 1,400 டொலர், காசாக. ரசீது கிடையாது. ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. 2022 ஒக்டோபரில் வேலை போய்விட்டது என்றார். நவம்பரில் "அடுத்த கிழமை தாறன் அண்ணை" என்றார். அதன்பிறகு படியில் கண்டால் குனிந்த தலையோடு போய்விடுவார்.

எழுத்தில் ஒன்றும் இல்லை, அதனால் எப்போது வேண்டுமானாலும் வீட்டைவிட்டு எழுப்பலாம் என்று நினைத்திருந்தேன். தவறு. ஒன்ராறியோவில் வாய்ப்பேச்சில் கொடுத்த வீட்டுக்கும் 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் அப்படியே பொருந்தும். பேப்பர் இல்லாததால் கஷ்டம் நமக்குத்தான். வாடகை எவ்வளவு, ஹைட்ரோ பில்லில் அவர் பங்கு எவ்வளவு என்று காட்ட என் கையில் ஒன்றுமே இருக்கவில்லை. (கரண்டுக்கு இங்கே ஹைட்ரோ என்று பெயர். வந்த புதிதில் தண்ணீர் பில் என்று நினைத்து நானும் குழம்பினேன்.) 2018 ஏப்ரல் 30 முதல் மாகாண அரசே ஒரு பொது ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசம். உறவினருக்குக் கொடுத்தாலும் அதை நிரப்புங்கள். முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது, அதுவும் கடைசி மாத வாடகையாகத்தான் கழியும். ஊரில் மாதிரி பத்து மாத அட்வான்ஸ், சேதத்துக்குப் பிடித்துவைக்கும் டிப்பாசிட் எல்லாம் இங்கே சட்டவிரோதம்.

இனித் தேர்மோஸ்டாட் கதை. வீட்டின் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கருவி எங்கள் வீட்டில் மேலே ஹோலில் இருக்கிறது. பெப்ரவரியில் ஒரு இரவு, வெளியே மைனஸ் 18. ஐந்து மாத வாடகை நிலுவை. கீழே சிரிப்பும் பாட்டும், கூட்டாளிமார் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணை ஏற்கெனவே ஆலோசனை சொல்லியிருந்தார்: "ஹீற்றை நிப்பாட்டு, ரெண்டு நாளிலை ஓடிடுவான்." தேர்மோஸ்டாட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். 21 என்று காட்டியது. மனைவி வந்து, "மேலை பிள்ளைகளும் படுக்குதுகள்" என்றாள். அவ்வளவுதான், விட்டுவிட்டேன்.

பிறகுதான் தெரியும், அந்த விரல் அழுத்தியிருந்தால் வழக்கே தலைகீழாகியிருக்கும். வெப்பம், தண்ணீர், கரண்ட் நிறுத்துவதும் பூட்டை மாற்றுவதும் குற்றம். வாடகை தராதவர் அப்படியே இருக்க, நமக்கு அபராதம் வரும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை வெப்பம் கொடுக்கவேண்டும் என்பது நகர விதி. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அவர் பகுதியில் இருந்தாலும், ஃபில்டர் மாற்ற நினைத்தவுடன் நுழைய முடியாது. 24 மணி நேரம் முன்பே எழுத்தில் காரணம் சொல்லி, காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில்தான் போகலாம்.

ஆளை எழுப்பும் அதிகாரம் ஒரே இடத்தில்தான்: எல்லோரும் எல்.ரி.பி என்று சொல்லும் வாடகை விவகார சபை. அங்கே உத்தரவு கிடைத்தாலும் ஷெரீஃப் என்ற நீதிமன்ற அதிகாரி வந்துதான் வெளியேற்றுவார். பொலிஸைக் கூப்பிட்டுப் பயனில்லை.

வாடகை நிலுவைக்கு முதலில் என்4 என்ற அறிவித்தலைக் கொடுக்கவேண்டும். நான் பாரலீகல் (வழக்கறிஞர் அல்லாத சட்ட உதவியாளர்) எதற்கு, இரண்டு பக்கம்தானே என்று நானே நிரப்பினேன். இரண்டு மாதம் 2,800, அதோடு ஹைட்ரோ பங்கு 165, மொத்தம் 2,965 என்று எழுதினேன். முதல் பிழை அது: என்4இல் வாடகை மட்டும்தான் வரலாம். இரண்டாவது, நாள் கணக்கு. அப்போது 14 நாள் அவகாசம். நவம்பர் 20 கொடுத்தேன், அந்த நாளையும் சேர்த்து எண்ணி டிசம்பர் 3 என்று போட்டேன். கொடுத்த நாள் கணக்கில் சேராது. டிசம்பர் 4 என்று இருந்திருக்கவேண்டும்.

186 டொலர் கட்டி மனுப் போட்டு, 2023 ஜூனில் ஸூமில் விசாரணை வந்தது. நிலுவை அப்போது 12,600. விசாரித்தவர் வாடகைக்காரரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்4இல் உள்ள தேதியைப் பார்த்தார், மனுவைத் தள்ளுபடி செய்தார். பத்து நிமிடம்தான். ஒரு நாள் பிசகியதற்கு ஏழு மாதம் போனது.

சபையின் தளத்தில் இருக்கும் அன்றைய படிவத்தையே எடுங்கள். நண்பரின் கணினியில் கிடக்கும் பழைய பிரதி வேண்டாம். அவகாச நாட்களும் விதிகளும் மாறும். கையில் கொடுங்கள், அல்லது கதவுக்குக் கீழே தள்ளுங்கள். கதவில் ஒட்டினால் செல்லாது, வட்சப்பும் செல்லாது. தபாலில் அனுப்பினால் இன்னும் ஐந்து நாள் கூட்டவேண்டும்.

ஒரு விலக்கு: சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிரவேண்டிய ஏற்பாடு என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. அப்படிப் பகிர்ந்து அறை எடுத்து இருக்கும் மாணவர்களும் இதைக் கவனியுங்கள், உங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டாம் முறை, உரிமம் பெற்ற பாரலீகல் ஒருவரைப் பிடித்தேன். அவர் புது என்4ஐக் கொடுத்துவிட்டு, "ஒருக்கா நேரே இருந்து கதையுங்கோ" என்றார். தேத்தண்ணியோடு கீழே போனேன். நிலுவையில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்தேன், ஓகஸ்ட் 31 போகிறேன் என்று அவர் என்11 படிவத்தில் கையெழுத்து வைத்தார். சம்மதத்தோடு குடியிருப்பை முடிக்கும் படிவம் அது. வயிறு எரிந்தது உண்மை. ஆனால் இன்னொரு ஏழு மாதத்துக்கு மோட்கேஜ் கட்ட என்னிடம் பலம் இல்லை.

இப்போது கீழே இருப்பவர் எங்களுக்கு யாரென்றே தெரியாத ஒருவர். ஒப்பந்தம் இருக்கிறது, மாதம் முதலாம் தேதி காலை ஈ-ட்ரான்ஸ்ஃபர் வருகிறது. மாமிக்குத்தான் இன்னும் மனவருத்தம், தெரிஞ்ச பிள்ளை ஒருத்தருக்குக் குடுத்திருக்கலாமாம்.