அவசர உதவி: இரட்டை மோட்டார் விமானம் எழும்பியதும் இடப்பக்கம் சாய்கிறது

நீலவானம்:
ஞாயிறு காலை மறுபடி பறக்கவிட வேண்டும், சீக்கிரம் பதில் தேவை. என் ரேடியோ கட்டுப்பாட்டு இரட்டை மோட்டார் மாதிரி விமானம் தரையை விட்டு எழும்பியதும் இடப்பக்கம் திரும்பிச் சாய்கிறது. வலப்பக்கம் ஐலரான் (இறக்கையின் பின் விளிம்பில் உள்ள மடல்) கொடுத்தும் நிமிரவில்லை. இறக்கை நுனி புல்லில் உரசி மூக்கு உடைந்தது, ஒட்டிவிட்டேன். டிரிம் (நேராகப் பறக்கச் செய்யும் நுண்திருத்தம்) எல்லாம் நடுவில்தான் இருக்கிறது. என்ன காரணம்?

பொட்டல்காடு:
எந்த மாடல்? மின்சாரமா, எரிபொருளில் ஓடும் குளோ எஞ்சினா? புரொப்பல்லர் இரண்டும் ஒரே திசையில் சுற்றுகின்றனவா? பாட்டரி என்ன? அண்மையில் எதையாவது மாற்றினீர்களா?

தட்டான்:
எடை மையத்தைப் பாருங்கள். வால் கனத்தால் எழும்பியதும் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து ஒரு பக்கம் கவிழும். பாட்டரியை முன்னால் தள்ளுங்கள், சரியாகிவிடும்.

பழையகை:
தம்பி, முதலில் ஒற்றை மோட்டார் பயிற்சி விமானத்தை ஒழுங்காக இறக்கப் பழகினீர்களா? இடது இறக்கையைத் தூக்க வலப்பக்கம் ஐலரான் கொடுத்தால், இடது ஐலரான் கீழே இறங்கும். மெதுவான வேகத்தில் அதுவே அந்த இறக்கையை ஸ்டால் ஆக்கிவிடும், அதாவது தூக்குவிசை போய்விடும். ஒரு பக்கம் இழுத்தால் உடனே த்ராட்டிலைக் (மோட்டார் வேகக் கட்டுப்பாடு) குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, ரட்டரால் (வாலில் உள்ள திசை மடல்) நேர்ப்படுத்தி, எதிரே தெரியும் இடத்தில் இறக்க வேண்டும். இது தெரியாமல் இரட்டை மோட்டாருக்கு ஏன் அவசரம்?

நீலவானம்:
மின்சாரம்தான். ஃபோம் உடல், ட்வின் ஆட்டர் என்ற இரட்டை எஞ்சின் பயணிகள் விமானத்தின் வடிவம். 3 செல் 2200 லிப்போ பாட்டரி. மோட்டார் எதுவும் நிற்கவில்லை. புரொப்பல்லர் இரண்டும் ஒரே திசை.

செம்மண்:
இரண்டு இஎஸ்சியின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மின்சாரம் தரும் சிவப்புக் கம்பியும் ரிசீவருக்குப் போகிறதா? ஒன்றைக் கழற்றி டேப் சுற்றி வையுங்கள்.

தட்டான்:
தேவையே இல்லை. பல வருடங்களாக இரண்டையும் இணைத்தே பறக்கவிடுகிறேன்.

செம்மண்:
உங்கள் இஎஸ்சியில் ரிசீவருக்கு மின்சாரம் தரும் பகுதி லீனியர் வகையாக இருக்கலாம். சுவிட்சிங் வகையில் அப்படிச் செய்யக்கூடாது. நடுவானில் ரிசீவர் அணைந்தால் விமானம் யார் தலையில் விழும்?

பழையகை:
கம்பியை விடுங்கள். ஒரே திசைச் சுற்றுதான் கோளாறு. பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாக இரண்டும் சுற்றினால், மூக்கைத் தூக்கும்போது விமானம் இடப்பக்கம்தான் இழுக்கும். பி-38 லைட்னிங் போர் விமானத்தில் எதிரெதிர்ச் சுற்று வைத்தது சும்மாவா?

தட்டான்:
டிசி-3, மாஸ்கிட்டோ என்ற பழைய இரட்டை எஞ்சின் விமானங்கள் இரண்டிலும் ஒரே திசைதானே? அவை பறக்கவில்லையா?

பழையகை:
மாஸ்கிட்டோ ஓடுதளத்தில் இடப்பக்கம் இழுப்பதற்குப் பெயர் போனது. பிரிட்டனுக்காகச் செய்த லைட்னிங்கில் எதிர்ச்சுற்றை எடுத்துவிட்டார்கள். அந்த விமானத்தைப் பிரிட்டனே வேண்டாம் என்றது.

செம்மண்:
அதில் டர்போவும் (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) இல்லை. முக்கியக் குறை அதுதான். பாதிக் கதையைச் சொல்லாதீர்கள்.

பொட்டல்காடு:
போர் விமானங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள். ஒரே திசைச் சுற்றால் வரும் இழுப்பு இவ்வளவு சிறிய விமானத்தில் ரட்டருக்கு அடங்கிவிடும், கவிழ்க்காது. நீலவானம், புரொப்பல்லர்களைக் கழற்றிவிட்டு த்ராட்டிலை ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள். இரண்டு மோட்டாரும் ஒரே கிளிக்கில் சுற்றத் தொடங்குகின்றனவா?

நீலவானம்:
இல்லை. வலது மூன்றாவது கிளிக்கில் தொடங்குகிறது, இடது ஆறாவதில்தான். இடது இஎஸ்சி புகைந்ததால் வேறு கம்பெனியுடையதைப் போட்டிருக்கிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பொட்டல்காடு:
அதுதான் காரணம். த்ராட்டிலின் அடியும் உச்சியும் எங்கே என்று இரண்டு இஎஸ்சியும் வெவ்வேறாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரே ஸ்டிக் நிலையில் இடது மோட்டார் குறைவாக உழைக்கிறது, வலது மோட்டார் மூக்கை இடப்பக்கம் தள்ளுகிறது. புரொப்பல்லர் இல்லாமலே செய்யுங்கள்: ஒய் கேபிளில் (ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் கம்பி) இரண்டும் இணைந்திருக்க, டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டிலை உச்சியில் வைத்து, பிறகு பாட்டரியைச் செருகுங்கள். பீப் ஒலி வந்ததும் த்ராட்டிலை அடிக்குக் கொண்டுவாருங்கள். புதிய இஎஸ்சியின் தாளையும் ஒருமுறை படியுங்கள், சிலவற்றில் முறை மாறும். முடிந்தால் இரண்டும் ஒரே வகையாக வாங்கிப் போடுங்கள்.

பழையகை:
இஎஸ்சி மாற்றியதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேச்சு வேண்டியிருந்திருக்காது.

நீலவானம்:
செய்தேன். இப்போது ஒன்றாகச் சுற்றுகின்றன. நேராக எழும்பியது. நன்றி.

பொட்டல்காடு:
மகிழ்ச்சி. முழு த்ராட்டிலில் ஒவ்வொரு மோட்டாரும் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று வாட் மீட்டரில் பார்த்தீர்களா? தொடக்கம் ஒத்தாலும், இஎஸ்சிகளின் டைமிங் (மோட்டாருக்கு மின்துடிப்பு தரும் நேர அமைப்பு) வேறாக இருந்தால் உச்சியில் வித்தியாசம் தெரியும்.

செம்மண்:
சிவப்புக் கம்பியைக் கழற்றினீர்களா?