‘நச்சுப்போலி’ வேண்டாம், ‘நச்சுரு’ எனலாம்: கக்குவான் தடுப்பூசிக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கக்குவான் இருமல் தடுப்பூசி பற்றிய கட்டுரையில், மரபணுவைத் திருத்திப் பெறும் டாக்சாய்டுக்கு, அதாவது தீங்கு செய்யாதபடி மாற்றிய நச்சுப்புரதத்துக்கு, ‘நஞ்சுமுறி’ என்னும் சொல் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளது. பாம்புக்கடிக்குச் செலுத்தும் மருந்துக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குவதால் இங்கே பொருந்தாது. நஞ்சை முறிக்கும் பொருள் வேறு. நஞ்சே தன் வேலையை இழந்து நிற்பது வேறு.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். கக்குவானை உண்டாக்கும் பொர்டெட்டெல்லா பெர்டுசிஸ் பாக்டீரியா சுரக்கும் நச்சுப்புரதத்தின் ஒரு பகுதி உயிரணுவைப் பற்றிக்கொள்கிறது. எஸ்1 என்னும் துணையலகு உள்ளே புகுந்து, நொதியாகச் செயல்பட்டு, உயிரணுவின் குறிகடத்தலைக் குலைக்கிறது. முழுப் பாக்டீரியாவுக்குப் பதில் அதன் சில புரதங்களை மட்டும் கொண்ட செல்லற்ற தடுப்பூசிகள் பலவற்றில் இப்புரதத்தைப் பிரித்தெடுத்து, ஃபார்மால்டிஹைடோ குளூட்டரால்டிஹைடோ சேர்த்துச் செயலிழக்கச் செய்கிறார்கள். ஆனால் அந்த வேதிப்பொருள், எதிர்ப்பொருள்கள் அடையாளம் காண வேண்டிய புறப்பரப்பையும் ஓரளவு சிதைத்துவிடுகிறது. இத்தாலியின் சியேனாவில் ரினோ ரப்புவோலி, மரியாகிராசியா பிட்சா ஆகியோர் அடங்கிய குழு 1989இல் வெளியிட்ட வழியோ வேறு. எஸ்1இன் அமினோ அமில வரிசையில் 9ஆம் இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதில் லைசினும், 129ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் கிளைசினும் அமையும்படி பாக்டீரியாவின் மரபணுவையே அவர்கள் திருத்தினார்கள். நொதிச்செயல் அற்ற, வடிவம் குலையாத புரதத்தை அந்தப் பாக்டீரியா தானே ஆக்கித் தருகிறது. தாய்லாந்தில் 2016இல் உரிமம் பெற்ற தடுப்பூசியும் இவ்வகைப் புரதத்தைக் கொண்டதே.

ஆகவே வடிவம் நிற்கிறது, செயல் போகிறது என்னும் பொருளைச் சொல் தாங்க வேண்டும். ‘நச்சுநீக்கிய’ என்னும் அடை, அப்புரதத்தையே வெளியேற்றிவிட்டதாக எண்ணச் செய்யும். ‘நச்சுப்போலி’ இலக்கணப்படி சரியே. எனினும் போலி மருந்து, போலி மருத்துவர் என்று நாளேடுகளில் படித்துவரும் தாய் ஒருவர், துண்டறிக்கையில் அச்சொல்லைக் கண்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடக்கூடும். தடுப்பூசி போட்ட இரவில் காய்ச்சலும் தொடைவீக்கமும் கண்டு அஞ்சும் பெற்றோருக்கு நாம் இன்னுமோர் அச்சத்தைத் தரலாகாது.

என் பரிந்துரை ‘நச்சுரு’. எழுத்துரு, கருத்துரு என்பவற்றைப் போல, நஞ்சின் உருவை மட்டும் உடையது என்று இது பொருள்படும். வேதிமுறையில் பெறுவதை ‘வேதித்திருத்த நச்சுரு’ என்றும், சியேனா முறையில் பெறுவதை ‘மரபணுத்திருத்த நச்சுரு’ என்றும் பிரித்து எழுதலாம். ‘மரபுவழி நச்சுரு’ என்று சுருக்க வேண்டாம். ‘மரபுவழி’ என்றாலே தொன்றுதொட்டு வருவது என்றுதான் வாசகர் கொள்வர்.

ஒன்று எஞ்சியிருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் என்னும் ஐந்நோய்த் தடுப்பூசியில் இருப்பது முழுச்செல் கக்குவான் கூறு, அதாவது கொல்லப்பட்ட முழுப் பாக்டீரியா. அதனால் வரும் காய்ச்சலில் பெரும்பங்கு, பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள கொழுப்புச் சர்க்கரை என்னும் அகநச்சைச் சாரும். அந்த மூலக்கூற்றின் கொழுப்புச் சங்கிலியைக் குறுக்கும் வகையில் பாக்டீரியாவைத் திருத்தும் ஆய்வு நெதர்லாந்தின் உட்ரெக்டில் நடந்துள்ளது. அங்கே நோக்கம் அந்த நஞ்சின் வீரியத்தைக் குறைப்பது, அந்த நஞ்சு புரதமும் அன்று. எனவே அதற்கு ‘நச்சுரு’வை நீட்டாமல், ‘அகநச்சு தணித்த முழுச்செல் தடுப்பூசி’ என்றே எழுதலாம் எனக் கருதுகிறேன். ‘தணித்த’ என்பதற்கு மறுப்பிருப்பின், கட்டுரை அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.