வில்லுப்பாட்டு பதிவு செய்யும் அறைக்கு சத்தமில்லாத சிபியு கூலர் எது?

வீரவநல்லூர்க்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பா ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறார். கோயில் கொடை இல்லாத மாதங்களில் குழுவை வீட்டுக்கு வரச்சொல்லி, அவர்கள் பாடும் கதைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவருகிறேன். சில கதைகள் ஏட்டிலும் இல்லை, அச்சிலும் இல்லை, பாடுகிறவர் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. அவர்களுக்கும் வயதாகிறது. ஏனோதானோ என்று பதிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

குழு உட்கார வீட்டில் பட்டாசலை விட்டால் வேறு இடம் கிடையாது. கம்ப்யூட்டரும் அங்கேதான் இருக்கிறது. பிராசஸர் ரைசன் 7 5700எக்ஸ். அதன் பெட்டியில் கூலர் (பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் தகடும் ஃபேனும்) வராது என்பதால், கடையில் கலர் லைட் எரியும் ஒரு கூலரை மாட்டிக் கொடுத்தார்கள். வந்த நாளிலிருந்து ஒரே இரைச்சல். வேலை கொடுத்தாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி, அதே சத்தம்தான். கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் இல்லாத ஜிடி 710, அதனால் சத்தம் அதிலிருந்து வரவில்லை.

மென்பொருளில் இரைச்சலை நீக்கிப் பார்த்தேன். இரைச்சல் போகிறது, ஆனால் குடத்தின் கார்வையையும் சேர்த்து அறுத்துவிடுகிறது. அடி மட்டும் கேட்கிறது, அடிக்குப் பிறகு நிற்கும் நாதம் இல்லை. சித்தப்பா கேட்டுவிட்டு, "இது என் குடம் இல்லை" என்றார்.

பதிவின்போது மேல் ஃபேனை நிறுத்தி ஜன்னலையும் சாத்திவிடுவோம். ஏசி இல்லை. கத்திரி வெயிலில் அறை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 3000 ரூபாய் வரை செலவழிக்கலாம். எது வாங்கட்டும்?

நாங்குநேரி கேமர்:

அக்கா, காற்றுக் கூலரில் என்னதான் செய்தாலும் சத்தம் இருக்கும். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர் (குழாயில் ஓடும் திரவம் சூட்டை எடுத்துப்போகும் ரகம்) போட்டுவிடுங்கள். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், கேம் ஓடும்போதும் பிராசஸர் குளுகுளு என்று இருக்கிறது.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

தங்கச்சி, எதையும் வாங்கும் முன் ஒரு விஷயத்தைப் பாருங்கள். சும்மா கிடந்தாலும் அதே சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல நிலையில் இருக்கும் கூலர் அப்படி ஓடாது, சூட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். பக்கத்து மூடியைத் திறந்து, கூலர் ஃபேனிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயர் மூன்றா நான்கா என்று எண்ணுங்கள். நான்கு இருந்தால் நான்காவது வயர் வழியாகத்தான் மதர்போர்டு வேகத்தைச் சொல்கிறது. மூன்று வயர் ஃபேனுக்கு அந்த வழி இல்லை, மின்னழுத்தத்தைக் குறைத்தால்தான் வேகம் குறையும். மூன்று வயர் ஃபேனைச் செருகிவிட்டு, பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) நான்கு வயருக்கான 'பிடபிள்யூஎம்' என்றே விட்டிருந்தால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் சுற்றும். பயாஸில் ஃபேன் பக்கத்துக்குப் போய், மின்னழுத்தத்தால் வேகத்தைக் குறைக்கும் 'டிசி' என்று மாற்றுங்கள். காசு செலவில்லாத வேலை.

அதற்குப் பிறகும் நல்ல கூலர் தேவைதான், ஆனால் லிக்விட் வேண்டாம். நாங்குநேரித் தம்பி சொல்வது அதிக வாட் இழுக்கும் பிராசஸருக்குச் சரி. உங்களுடையது 65 வாட் ரகம். கடையில் வாங்கி மாட்டியபடியே ஓட்டினால் சாக்கெட்டில் மொத்தம் 76 வாட்டுக்கு மேல் இழுக்காது. இந்தச் சூட்டுக்கு லிக்விட் கூலர் தேவையே இல்லை. அதோடு, லிக்விட் கூலரில் ஒரு பம்ப் இருக்கிறது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் பம்ப் ஓட வேண்டும். கேம் ஆடும்போது அந்த மெல்லிய முனகல் காதில் விழாது. மைக் வைத்த அறையில் விழும். ரேடியேட்டரில் இரண்டு ஃபேன் வேறு சுற்றும்.

சத்தத்தைக் குறைக்க ஒரே வழி, சூட்டை வாங்கும் தகடுகளின் பரப்பைக் கூட்டிவிட்டு காற்றை மெதுவாக விடுவதுதான். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் படும். அதனால் சின்னக் கூலரை வேகமாக ஓட்டுவதை விட, பெரிய கூலரைச் சோம்பலாக ஓட்டுவதே மேல்.

உங்களுக்கு 120 மில்லிமீட்டர் ஃபேனும் நான்கு ஹீட்பைப்பும் (சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்) உள்ள ஒற்றைக் கோபுரக் கூலர் போதும். டீப்கூல் ஏகே400, உயரம் 155 மில்லிமீட்டர். தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எஸ்இ, உயரம் 148. இந்த இரண்டில் எது கிடைக்கிறதோ அதை வாங்கலாம், உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும். பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. இரட்டைக் கோபுரம், ஆறு பைப், இரண்டு ஃபேன், இதுவும் 155 உயரம்தான். நாக்டுவா கம்பெனி கூலர் அருமையான சரக்கு, நான் மறுக்கமாட்டேன். ஆனால் 76 வாட்டுக்கு அந்த விலை கொடுக்க நான் யாரிடமும் சொல்வதில்லை.

உங்கள் கேபினட்டில் உயரம் கொள்ளுமா என்று பாருங்கள். இப்போது இருக்கும் கூலரை அடித்தகட்டிலிருந்து நுனி வரை அளங்கள். நுனியிலிருந்து பக்கத்து மூடி வரை எவ்வளவு இடைவெளி என்றும் அளங்கள். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் உங்களுக்குள்ள மொத்த உயரம்.

இன்னொன்று. 50 டிகிரியில் நிற்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இந்தப் பிராசஸரின் உச்ச வரம்பு 90 டிகிரி. 75-ல் ஓடினால் ஒன்றும் கெட்டுப்போகாது. அறை 28-லிருந்து 38-க்கு ஏறினால் பிராசஸரும் கிட்டத்தட்ட அதே பத்து டிகிரி ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து ஃபேனைத் தட்டிவிட்டால் மறுபடி இரைச்சல்தான்.

அம்பை ஒலிப்பதிவு:

அண்ணாச்சி சொன்னதோடு பதிவு சம்பந்தமாகச் சிலது சொல்கிறேன்.

ஒலிப்பதிவு ஓடும்போது பிராசஸருக்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். எட்டு கோர் பிராசஸரில் இரண்டு மைக் பதிவு ஒரு மூலையில் நடந்துவிடும். வேலை வருவது பிறகு, இரைச்சல் நீக்கும்போதும் மிக்ஸ் செய்யும்போதும்தான். அப்போது மைக் அணைந்திருக்கும், ஃபேன் எவ்வளவு கத்தினால் என்ன? ஆகவே ஃபேன் வளைவை, அதாவது எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று பயாஸில் வைக்கும் கோட்டை, இரண்டு பாகமாக யோசியுங்கள். 65 டிகிரி வரை ஒரே தாழ்ந்த வேகம், நேர்கோடு. அதற்கு மேல்தான் ஏற்றம்.

நேர்கோடு ஏன் என்றால், ரைசன் பிராசஸரில் ஒரு சின்ன வேலை வந்தாலும் சூடு சட்டென்று ஏறி இறங்கும். ஃபேனும் கூடவே ஏறி இறங்கினால் 'ஊ... ஊ...' என்று அலையடிக்கும். ஒரே சீராக இருக்கும் சத்தத்தை ஓரளவு நீக்கிவிடலாம், அலையும் சத்தத்தை நீக்கவே முடியாது. பயாஸில் ஃபேன் வேகம் ஏறுவதற்குத் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் அதையும் கூட்டி வையுங்கள்.

குடத்தின் கார்வை ஏன் அறுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்பது இதழ் ஃபேன் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றினால் இதழ்கள் நொடிக்கு 180 முறை காற்றை வெட்டும். 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் ஒன்று உள்ளே இருந்தால் அது நொடிக்கு 120 முறை அதிரும். இரண்டும் கீழ்ஸ்தாயி. குடமும் அங்கேதான் பேசுகிறது. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும். அதனால் சத்தம் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஹார்ட் டிஸ்க் இருந்தால் பதிவை எஸ்எஸ்டியில் செய்யுங்கள், கேபினட்டை மேசை மீது வைக்காதீர்கள்.

கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தை அதிகமாகவும் முதுகுப் பக்கச் சத்தத்தைக் குறைவாகவும் வாங்கும் ரகம்) என்றால் அதன் முதுகுப் பக்கம் கம்ப்யூட்டரைப் பார்க்கட்டும். வில்லுக்கு நேர் எதிரே கம்ப்யூட்டர் இருக்க வேண்டும் என்று சட்டமா? திரையை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேபிள் எட்டும் வரை பெட்டியைத் தள்ளி வையுங்கள்.

வீரவநல்லூர்க்காரி:

அண்ணாச்சி, மூன்று வயர்தான்! பயாஸில் டிசி என்று மாற்றியதும் பாதி இரைச்சல் அடங்கிவிட்டது. அம்மாவே அடுக்களையிலிருந்து வந்து, "கம்ப்யூட்டரை அணைச்சிட்டியா?" என்று கேட்டாள். ஆனால் வேகம் குறைந்ததும் ஃபேனுக்குள் ஒரு 'கிர்' கேட்கிறது, அது மைக்கில் விழுகிறது. கூலரை மாற்றத்தான் வேண்டும்.

அளந்துவிட்டேன். கூலர் 135, இடைவெளி 27, மொத்தம் 162. ஏகே400 சொல்லிவிடலாமா? ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது, பழைய கேசட் பதிவுகள் எல்லாம் அதில்தான். அதைக் கழற்றி வெளியே வைத்துவிடுகிறேன். ஒரு பயம் என்னவென்றால், கூலரைக் கழற்றும்போது பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்கிறார்களே, நிஜமா?

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

நிஜம்தான். உங்களுடையது ஏஎம்4 சாக்கெட், பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் இறுகிப்போயிருந்தால் நேராக மேலே இழுக்கும்போது பிராசஸர் பூட்டையும் மீறி வந்துவிடும், பின் வளையும். கழற்றும் முன் ஏதாவது கனமான வேலை கொடுத்து நன்றாகச் சூடேற்றுங்கள், பேஸ்ட் இளகும். அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிறகு கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையில் தெரியும், அப்புறம் தூக்குங்கள். அவசரமே வேண்டாம்.

பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அதை உரிக்க மறக்க வேண்டாம். அதை உரிக்காமல் மாட்டிவிட்டு, "சூடு 90 காட்டுது அண்ணாச்சி" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். 162-ல் 155 தாராளமாக அடங்கும், வாங்குங்கள்.

தேரிக்காட்டுக்காரன், திசையன்விளை:

கூலரைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் தூசியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் செம்மண் எழும்பினால் ஜன்னலைச் சாத்தினாலும் மேசையில் விரலால் எழுதலாம். கோபுரக் கூலரின் தகடுகளுக்கு நடுவில் அந்த மண் அடைத்துவிட்டால் காற்று போகாது, சூடு ஏறும், ஃபேன் வேகம் பிடிக்கும். கூலர் பழசாகிவிட்டது என்று நினைப்போம், காரணம் மண்தான்.

கேபினட்டின் முன்பக்கம் வலை ஃபில்டர் இருந்தால் காற்றுக் காலத்தில் வாரம் ஒரு தடவை கழற்றி உதறுங்கள். கூலருக்கு ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேபினட் என்றால் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை சூடு பாருங்கள். நன்றாக இறங்கினால் குற்றம் கூலரில் இல்லை, காற்று உள்ளே வர வழி இல்லை என்று அர்த்தம்.

வீரவநல்லூர்க்காரி:

ஏகே400 மாட்டியாயிற்று. அண்ணாச்சி சொன்னபடி சூடேற்றித் திருகியதும் பிராசஸர் அப்படியே இருந்தது. பதிவின்போது ஃபேன் 700 சுற்றில் நிற்கிறது, மிக்ஸ் செய்யும்போது 70 டிகிரியைத் தாண்டவில்லை. முன்பக்கக் கண்ணாடியையும் கழற்றிப் பார்த்தேன், ஐந்து டிகிரி இறங்கியது. அதனால் பதிவு நாட்களில் அது வெளியேதான். இப்போது கேட்கிற மிச்சச் சத்தம் கேபினட்டின் பின்பக்க ஃபேன். அதையும் மாற்ற வேண்டுமா?

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

முதலில் அதன் வயரையும் எண்ணுங்கள் தங்கச்சி. மூன்று என்றால் அதற்கும் டிசி வைத்து, 600, 700 சுற்றுக்கு இறக்குங்கள். அந்த வேகத்திலும் 'கிர்' வந்தால் மட்டும் நான்கு வயர் உள்ள 120 ஃபேன் ஒன்று வாங்கிப் போடுங்கள், ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் மாதிரி. சத்தம் வரவில்லை என்றால் இருப்பதே போதும்.